சீன மூலிகை மருந்துகள்: அன்றாட உடல்நலக் குறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மூலிகை மருத்துவம் எந்த நூல்களை அடிப்படையாகக் கொண்டது?

அம்மருத்துவத்தின் மிகப் பழைய மருந்துநூல், வேளாண்மைக்கும் மருந்துக்கும் முதல்வராகப் போற்றப்படும் ஷென்னோங் என்னும் தொன்மக் கால அரசரின் பெயரால் வழங்குகிறது. ஹான் வம்சக் காலத்தை ஒட்டித் தொகுக்கப்பட்ட அந்நூலின் மூலப்படி மறைந்துபோனது. பிற்கால நூல்கள் எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டே அது மீட்டெடுக்கப்பட்டது. அதில் 365 மருந்துப் பொருட்கள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நெடுநாள் உண்டாலும் தீங்கு செய்யாதவை மேல்தரம், ஆளையும் நோயையும் பார்த்துக் கொடுக்க வேண்டியவை இடைத்தரம், நஞ்சுள்ளதால் நோய் நீங்கியதும் நிறுத்திவிட வேண்டியவை கீழ்த்தரம். மூலிகை என்றாலே தீங்கற்றது என்று இன்று பலர் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கை இம்மருத்துவத்தின் முதல் நூலிலேயே இல்லை.

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் காய்ச்சல் நோய்களுக்கு வகுத்த கூட்டு மருந்துகளைச் சீன மருத்துவர்கள் இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். லி ஷிஜென் (1518–1593) 27 ஆண்டுகள் உழைத்து, 1892 பொருட்களையும் 11,096 மருந்து முறைகளையும் ஒரே நூலில் சேர்த்தார். அது 1596-இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சளிக்கு இந்த மூலிகை, தலைவலிக்கு அந்த மூலிகை என்று ஒரு பட்டியல் தர முடியாதா?

தரலாம், ஆனால் அது சீன மருத்துவமாக இருக்காது. ஒரே நோயோடு வரும் இருவருக்கு வேறுவேறு மருந்தும், வேறுவேறு நோயோடு வரும் இருவருக்கு ஒரே மருந்தும் கொடுப்பது அங்கே இயல்பு. நோயின் பெயரைவிட, நோயாளி குளிரில் நடுங்குகிறாரா, சூட்டில் தவிக்கிறாரா, வியர்க்கிறதா, நாக்கின் மேல் படிவு வெள்ளையா, மஞ்சளா, நாடி எப்படி ஓடுகிறது என்பவையே மருந்தைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் சூடு, மிதமான சூடு, குளிர்ச்சி, மிகுந்த குளிர்ச்சி என்று ஒரு குணமும், ஐந்து சுவைகளுள் ஒன்றோ பலவோ உண்டு. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று சொல்லி வளர்ந்த தமிழருக்கு இந்தப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. நம் அறுசுவையில் துவர்ப்பு மட்டும் அவர்களுடைய ஐஞ்சுவைக் கணக்கில் இடம்பெறவில்லை.

அடுத்ததாக, மூலிகை தனியாக வருவது குறைவு. ஒரு கூட்டு மருந்துக்குள் அரசன், அமைச்சன், துணைவன், தூதன் என்று நான்கு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். அரசன் நோயைத் தாக்குவான். அமைச்சன் அவனுக்குக் கைகொடுப்பான். துணைவன் அவனுடைய முரட்டுத்தனத்தைத் தணிப்பான். தூதன் மருந்தை உரிய இடத்துக்கு இட்டுச் செல்வான். ஏராளமான மருந்துகளில் அதிமதுரம் சேர்வதற்கு இதுவே காரணம். முரண்படும் பொருட்களை இணக்கமாக வைத்திருப்பதால் அதற்கு ‘நாட்டின் மூத்தவர்’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் என்ன கொடுக்கிறார்கள்?

முதலில் குளிர்க்காற்றால் வந்த சளியா, வெப்பக்காற்றால் வந்த சளியா என்று பிரிக்கிறார்கள். நீர்போல மூக்கொழுகுவதும், போர்த்தினாலும் குளிர் அடங்காததும் முதல் வகை. தொண்டை எரிச்சலும், தாகமும், மஞ்சள் சளியும், மிகுந்த காய்ச்சலும் இரண்டாம் வகை.

முதல் வகையில், லேசாக வியர்த்தும் குளிர் விடாதவர்களுக்கு ஜாங் ஜோங்ஜிங் வகுத்தது குய்ஜீ தாங் என்னும் கஷாயம். சீன லவங்க மரத்தின் இளங்கிளை, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், பன்னிரண்டு இலந்தைக் கனிகள் ஆகிய ஐந்து பொருட்களை ஏழு பங்கு நீரில் இட்டு, மூன்று பங்காகச் சுண்டக் காய்ச்சி, ஒரு பங்கைக் குடிக்க வேண்டும். மருந்தைக் குடித்த சற்று நேரத்தில் சூடான, நீர்த்த அரிசிக் கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். உடம்பு முழுதும் மெல்லக் கசிவதுபோல் வியர்க்க வேண்டுமே தவிர, ஆறாக ஓடக் கூடாது. வியர்த்துக் குணம் தெரிந்தால் மீதியைக் குடிக்க வேண்டாம் என்று நூல் விதிக்கிறது. பச்சையான உணவு, குளிர்ந்த உணவு, இறைச்சி, மது ஆகியவற்றை விலக்கச் சொல்லும் பத்தியமும் உடன் வருகிறது. கஞ்சியும் போர்வையும் பத்தியமும் கூட மருந்தின் பகுதியாக எழுதப்பட்டிருப்பதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இரண்டாம் வகைக்குப் பெயர்பெற்றது யின் சியாவ் என்னும் தூள். இதை வூ ஜூதோங் 1798-இல் வெளிவந்த தம் நூலில் வகுத்தார். ஹனிசக்கிள் மொட்டு, ஃபோர்சித்தியா காய், புதினா போன்றவை இதில் சேர்கின்றன. ‘மணம் நன்றாக எழுந்ததும் இறக்கிவிடு, அதிகம் கொதிக்க விடாதே’ என்பது அதற்கான விதி. மணமெண்ணெய்தான் மருந்து, அது ஆவியோடு போய்விடும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

சீனக் கடைகளில் தொண்டை வலிக்குத் தரும் கசப்பு மாத்திரை நிலவேம்பா?

பல தயாரிப்புகளில் அதுவேதான். நாம் நிலவேம்பு என்றும், சீனர் சுவான் சின் லியன் என்றும் அழைப்பது ஒரே செடியை. சீனப் பெயருக்கு ‘நெஞ்சைத் துளைக்கும் தாமரை’ என்று பொருள். குடித்துப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள். தொண்டை வலிக்கும் சளிக்கும் இது ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உள்ளன. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நிலவேம்புக் குடிநீர் குடித்துக்கொண்டு, கடையில் வாங்கிய சீன மாத்திரையையும் விழுங்கினால், ஒரே மருந்தை இரு பெயரில் இரட்டிப்பாக உட்கொள்கிறீர்கள்.

மலச்சிக்கலுக்கு என்ன மருந்து?

இந்தக் கேள்விக்கான விடையில் திருநெல்வேலி இருக்கிறது. சீனாவில் மலமிளக்கியாகப் புகழ்பெற்ற ஃபான் சியே யே என்னும் இலையின் பெயருக்கு ‘அயல்நாட்டுப் பேதி இலை’ என்பது பொருள். அது நம் நிலவாகை. உலக மருந்துச் சந்தையில் அதன் ஒரு வகைக்குத் திருநெல்வேலியின் பழைய ஆங்கில வடிவமான ‘டின்னவெலி’ என்பதே வணிகப் பெயர். சீன அரசின் மருந்துத் தரநூல் இதற்கு 2 முதல் 6 கிராம் வரை அளவு சொல்கிறது.

சீனத்துக்கே உரிய மலமிளக்கி தா ஹுவாங், அதாவது நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல் சின்னி என்ற பெயரில் அறியப்படும் வேரின் இனம். அந்தச் ‘சின்னி’யில் ஒளிந்திருப்பது சீனாதான், பாரசீக வணிகர் வழியாக வந்த பெயர் அது. (இமயமலையில் விளையும் உறவினமும் இதே பெயரில் விற்கப்படுகிறது.) இந்த வேரை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. பேதியாக வேண்டுமானால் கடைசிச் சில நிமிடங்களில்தான் சேர்ப்பார்கள். நெடுநேரம் கொதித்தால் பேதியாக்கும் வேதிப்பொருட்கள் சிதைந்து, வேகம் குறைந்துவிடும்.

இரண்டுமே பெருங்குடலைத் தூண்டி வேலை வாங்குபவை. ‘உடல் மெலியும் தேநீர்’ என்று விற்கப்படும் பல பொட்டலங்களில் இருப்பது நிலவாகைதான். அதை மாதக்கணக்கில் குடிப்பவர்கள் இழப்பது நீரும் பொட்டாசியமும், கொழுப்பு அல்ல.

வயிற்றுப்போக்குக்கு?

ஹுவாங் லியன் என்னும் மஞ்சள் நிறக் கிழங்கு. அதிலுள்ள பெர்பெரின் என்ற பொருளைத் தனியே பிரித்து மாத்திரையாகவும் சீனாவில் நெடுங்காலமாக விற்கிறார்கள். ஆனால் நீரும் உப்பும் வெளியேறும்போது உயிர்காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல். எந்தக் கசப்பும் அதற்கு மாற்றாகாது.

தூக்கமின்மை, களைப்பு, மாதவிடாய் வலி ஆகியவற்றுக்கு?

தூக்கத்துக்குப் பழைய மருந்து, காட்டு இலந்தை வகை ஒன்றின் கொட்டைப் பருப்பை நொறுக்கிச் செய்யும் கஷாயம். உடம்பு களைத்திருந்தும் மனம் அடங்காமல் புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு என்று அதன் இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. களைப்புக்கு ஜின்செங். ஆனால் காய்ச்சலும் சளியும் தொடங்கும் நேரத்தில் அதைக் கொடுப்பது, திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும் என்று சீன மருத்துவர்கள் எச்சரிப்பார்கள்.

மாதவிடாய்க் கோளாறுகளுக்கு அடித்தளமாக இருப்பது ‘நான்கு பொருள் கஷாயம்’. பதப்படுத்திய ரெமேனியா கிழங்கு, தாங் குய் வேர், பியோனி வேர், சுவான்சியோங் வேர்த்தண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது அது. தாங் குய்யின் மணம் செலரியை நினைவூட்டும். சீனர் வீடுகளில் கோழி சூப்பிலும் அதைப் போடுவார்கள். மிகுந்த இரத்தப்போக்கு உள்ளவர்கள் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துக் காரணத்தை அறிய வேண்டும். கட்டியோ இரத்தச்சோகையோ இருந்தால் சூப்பு அதைக் கண்டுபிடிக்காது.

நரைத்த முடியைக் கறுக்கச் செய்யும் வேர் உண்மையா?

ஹெ ஷோ வூ என்ற வேரின் பெயருக்கே ‘ஹெ என்பவரின் கருத்த தலை’ என்று பொருள். அதை உண்டு கிழவர் ஒருவர் இளமை பெற்றதாகக் கதை. முடி கறுத்தமைக்கு நம்பத்தக்க சான்று இல்லை. கல்லீரல் பாதிக்கப்பட்டமைக்குப் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் சான்று உண்டு. நரைக்குச் சாயமே மேல்.

இந்த மருந்துகள் வேலை செய்வதாக அறிவியல் ஒப்புக்கொண்டிருக்கிறதா?

சில பொருட்களைப் பொறுத்தவரை ஐயமில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. மா ஹுவாங் என்னும் செடியிலிருந்து ஜப்பானின் நாகாய் நாகயோஷி 1885-இல் பிரித்தெடுத்த எஃபெட்ரின், பின்னர் உலகெங்கும் மூச்சிரைப்புக்குப் பயன்பட்டது. செந்நிற நொதி அரிசியில் உள்ள மோனகோலின் கே, கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரையின் அதே மூலக்கூறு.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது மலேரியா மருந்தின் கதை. 1967 மே 23 அன்று தொடங்கியதால் ‘523’ என்று பெயர்பெற்ற சீன அரசின் இரகசியத் திட்டத்தில் தூ யூயூ என்ற ஆய்வாளர் சிங்ஹாவ் செடியைச் சோதித்தபோது, ஒருமுறை கிடைத்த பலன் மறுமுறை கிடைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கெ ஹோங்கின் கைந்நூலை மீண்டும் புரட்டினார். ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றை முழுதும் குடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! கொதிக்க வைப்பதே மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்த அவர், குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி மலேரியா ஒட்டுண்ணியை முழுமையாக ஒடுக்கியது. அதுவே ஆர்ட்டெமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வெற்றியைக் காட்டி மற்ற எல்லா மருந்துகளும் நிரூபணமானவை என்று வாதிடுவது தவறு. நிரூபணமானது ஒரு மூலக்கூறு. நாடி, சூடு, குளிர்ச்சி என்ற கோட்பாடு அல்ல. கூட்டு மருந்துகளில் நடந்த ஆய்வுகள் பல சிறியவை, போலி மருந்தோடு சரியாக ஒப்பிடாதவை. சிங்ஹாவை வீட்டில் தேநீராகப் போட்டுக் குடிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. மருந்தின் அளவு போதாமல் போவதோடு, ஒட்டுண்ணி எதிர்ப்புத் திறன் பெறவும் அது வழிவிடும்.

மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சையகத்தின் மாத்திரைகளை எடுத்துக்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகங்கள் வேகமாகச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறை எட்டியது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. ஃபாங் ஜி என்ற ஒரே பெயரில் சீனாவில் இரு வேறு செடிகள் வழங்கியதும், ஒன்றின் இடத்தில் அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்த மற்றொன்று வந்து சேர்ந்ததுமே காரணம். அந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறது. நம் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபூ ட்ஸு என்பது நம் சித்த மருத்துவர்கள் நாவி என்று அஞ்சிக் கையாளும் செடியின் உறவு. நெடுநேரம் கொதித்தால் நஞ்சு தணியும். அவசரப்பட்டு இறக்கினால் உதடும் நாக்கும் மரத்து, இதயத் துடிப்பு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகும். மா ஹுவாங் கலந்த ஊட்டப் பொருட்களை அமெரிக்கா 2004-இல் தடைசெய்தது. சாதுவான அதிமதுரத்தைக்கூட நாள்தோறும் அதிகமாக உட்கொண்டால் உடம்பில் உப்பு தங்கி, பொட்டாசியம் வெளியேறி, இரத்த அழுத்தம் உயரும்.

ஆங்கில மருந்தோடு சேர்த்து எடுக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர்களுக்குத் தாங் குய்யும், தான் ஷென் என்னும் இன்னொரு சீன வேரும் இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். இரத்த அழுத்த மாத்திரையின் வேலையை அதிமதுரம் கெடுக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர் செந்நிற நொதி அரிசியையும் எடுத்தால் தசை பாதிக்கப்படலாம். ஜப்பானில் கல்லீரல் நோயாளிகளுக்குப் பெருமளவில் கொடுக்கப்பட்ட பழைய சீனக் கஷாயம் ஒன்றை, நுரையீரல் அழற்சி கண்டதால், கல்லீரல் அழற்சிக்கான இன்டர்ஃபெரான் என்னும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று 1990-களில் தடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்று கேட்டால், சூப்பில் போட்ட வேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கலாமா?

தாமாகக் கொடுக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹுவாங் லியன் மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கும் என்ற அச்சத்தில் சிங்கப்பூர் 1978-இல் பெர்பெரினைத் தடைசெய்தது. பின்னர் சான்றுகளை மறு ஆய்வு செய்து தடையைத் தளர்த்தியது. என்றாலும் பச்சிளங்குழந்தை விஷயத்தில் எச்சரிக்கை மாறவில்லை.

கஷாயத்தை எப்படிக் காய்ச்சுகிறார்கள்?

பழைய பாணி மருந்துக் கடையில் சுவரை மறைத்து நிற்கும் அலமாரியில் நூறுக்கு மேற்பட்ட சிறு இழுப்பறைகள் இருக்கும். மருந்தாளர் சீட்டைப் பார்த்து இழுப்பறையைத் திறந்து, விரல் தடிமன்கூட இல்லாத கோல்தராசில் நிறுத்து, மேசையில் விரித்த தாள்களில் நாளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கட்டித் தருவார். வீட்டில் மண்பானையோ பீங்கானோ கண்ணாடியோ வேண்டும். இரும்புச் சட்டி ஆகாது. அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முதலில் பெருந்தீயிலும் பிறகு சிறுதீயிலும் காய்ச்சி வடிகட்டி, அதே சக்கையில் மறுபடி நீர்விட்டுக் காய்ச்சி, இரண்டையும் கலந்து இருவேளைக்குப் பிரித்துக் குடிப்பது வழக்கம். கிளிஞ்சலும் கனிமமும் முதலில் போக வேண்டும். புதினா கடைசி ஐந்து நிமிடத்தில். இந்தப் பாடு வேண்டாம் என்பவர்களுக்கு இன்று குருணை மருந்து கிடைக்கிறது. வெந்நீரில் கரைத்துக் குடித்தால் போதும்.

புலி எலும்பு, கடல்குதிரை போன்றவை இன்றும் பயன்படுகின்றனவா?

புலி எலும்பையும் காண்டாமிருகக் கொம்பையும் சீனா 1993-இல் தடைசெய்தது. எறும்புத்தின்னிச் செதிலை 2020-இல் மருந்துத் தரநூலிலிருந்து நீக்கியது. கள்ளச்சந்தை ஓயவில்லை. உலர்ந்த கடல்குதிரைக்கு உள்ள தேவையால் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் அது பிடிக்கப்பட்டதால், இந்தியா 2001-இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. மூலிகை மருந்து வேண்டுவோர் இவற்றை நாட வேண்டிய தேவையே இல்லை.

யாரிடம் போவது, எதைப் பார்த்து வாங்குவது?

சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்கலாம். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி ‘டி’ (T) என்று முடியும் எண் இருக்கும். இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள முறைகளில் சீன மூலிகை மருத்துவம் இல்லை. ஆகவே இங்கு இணையத்தில் வரவழைக்கும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வாங்குபவரே பொறுப்பு. மூட்டுவலி ஒரே நாளில் பறந்துவிட்டது என்றால் மூலிகையின் மகிமை என்று மகிழாமல், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். அத்தகைய கலப்படங்களை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன.

எந்த அறிகுறிகள் கண்டால் கஷாயத்தை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மலத்திலோ சளியிலோ இரத்தம், நிற்காத வாந்தி. மருந்தைத் தொடங்கிய பிறகு சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, வாய் மரத்தாலோ, உடம்பில் தடிப்பு எழும்பினாலோ அன்றே போக வேண்டும்; போகும்போது மிச்சமிருக்கும் மருந்துப் பொட்டலத்தையும் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.